இரவைத் திருப்பிக் கொடுங்கள்: இணையமும் கல்லூரிப் பிள்ளைகளின் உடல், மன நலமும்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் வில்லியனூரைத் தாண்டினால் அரியூர் வருகிறது. கரும்பு வயல்களாலும் சர்க்கரை ஆலையாலும் அறியப்பட்டிருந்த இந்த ஊரில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொறியியல் கல்லூரி இருக்கிறது. காலையில் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. வில்லியனூரிலும் சுல்தான்பேட்டையிலும் இருக்கும் நம் குடும்பங்களில் பல, முதன்முறையாக ஒரு பிள்ளையைப் பட்டப்படிப்புக்கு அனுப்பியிருக்கின்றன. கடன் வாங்கியாவது கட்டணம் கட்டுகிறார்கள். தவணையிலாவது நல்ல செல்போன் ஒன்று வாங்கிக் கொடுக்கிறார்கள்.

சில மாதங்கள் கழித்து அதே பெற்றோர் நம்மிடம் வந்து சொல்வது அநேகமாக ஒரே விஷயம்தான். "ஹஜ்ரத், பையன் எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கான். பஜ்ருக்கு எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறான். கேட்டா எரிஞ்சு விழுறான். துஆ செய்யுங்க." பெண் பிள்ளைகளைப் பற்றியும் இதே கவலையைச் சொல்கிறார்கள்.

துஆ அவசியம் செய்வோம். அத்துடன், பிள்ளையின் உடலுக்கும் மனதுக்கும் உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நோய் எது, பழக்கம் எது என்று பிரித்தறியாமல் திட்டுவதால் பயன் இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய்?" என்பதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "எந்த நேரத்தில் பார்க்கிறாய், அந்த நேரத்தில் வழக்கமாக நீ செய்ய வேண்டியது என்ன?" இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், உறக்கம்.

போன் இல்லாமல் படிக்க முடியுமா?

முதலில் நியாயமாகப் பேசுவோம். இன்றைய கல்லூரி மாணவருக்கு இணையம் ஆடம்பரம் அல்ல. வகுப்புக் குறிப்புகள் வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு அறிவிப்பு எல்லாம் இணையத்தில்தான். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை யூடியூபில் இலவசமாகப் பாடம் கேட்கிறது. இதை நாம் வரவேற்க வேண்டும்.

2016ல் ஜியோ வந்த பிறகு மொபைல் டேட்டாவின் விலை நாடு முழுவதும் சரிந்தது. அதுவரை எண்ணி எண்ணிச் செலவழித்த இணையம், தினமும் ஒன்றரை ஜி.பி., இரண்டு ஜி.பி. என்று கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. "இன்றைய டேட்டாவை இன்றே தீர்க்க வேண்டும்" என்ற மனநிலையும் கூடவே வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை பெற்றோரின் கண்காணிப்பில் இருந்த பிள்ளைக்கு 18 வயதில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன: சொந்த போன், அளவில்லாத இணையம், யாரும் கேட்காத இரவு. மூன்றும் சேருமிடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1990களிலேயே இணையப் பழக்கத்தை அளக்க 20 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார். "நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் இருக்கிறீர்களா?", "அதனால் தூக்கத்தை இழக்கிறீர்களா?" என்பது போன்ற கேள்விகள் அவை. இந்தியாவிலும் கல்லூரி மாணவர்களிடம் இந்தச் சோதனையைப் பலர் நடத்தியிருக்கிறார்கள்.

மங்களூரில் 1,086 பொறியியல் மாணவர்களிடம் நடத்தி 2018ல் வெளியிடப்பட்ட ஆய்வில், 27.1 சதவீதம் பேரிடம் லேசான அளவிலும், 9.7 சதவீதம் பேரிடம் நடுத்தர அளவிலும், 0.4 சதவீதம் பேரிடம் கடுமையான அளவிலும் இணைய அடிமைத்தனம் காணப்பட்டது. பெங்களூரில் 515 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2015ல் வெளியிடப்பட்ட ஆய்வில், லேசான அளவு 34 சதவீதம், நடுத்தர அளவு 8 சதவீதம்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். மங்களூர் கணக்குப்படி 100 மாணவர்கள் இருக்கும் வகுப்பில் ஏறத்தாழ 63 பேர் சாதாரணமாகப் பயன்படுத்துபவர்கள். 27 பேர் கவனமாக இருக்க வேண்டியவர்கள். 10 பேருக்கு உதவி தேவை. எனவே எல்லாப் பிள்ளைகளையும் "போன் பைத்தியம்" என்று சொல்வது அநியாயம். அதேபோல், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான்" என்று விட்டுவிட்டால் அந்தப் பத்துப் பேரைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

மங்களூர் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வாடகை அறைகளில் தங்கிப் படித்தவர்களிடமும், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் இணையத்தில் இருந்தவர்களிடமும், மன உளைச்சல் உள்ளவர்களிடமும் இந்தப் பழக்கம் அதிகமாக இருந்தது. வீட்டை விட்டுத் தனியே தங்கியிருக்கும் பிள்ளையின் மீது நமக்குக் கூடுதல் அக்கறை வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் "விளையாட்டு அடிமைத்தனம்", அதாவது வீடியோ கேம் ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாத நிலை, ஒரு நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அதிக நேரம் ஆடுவது மட்டுமே நோய் ஆகிவிடாது. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முதலிடம் கொடுப்பது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, படிப்பையும் குடும்ப உறவையும் கெடுத்தால்தான் அது நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

உடலில் என்ன நடக்கிறது?

தூக்கத்திலிருந்து தொடங்குவோம். இருட்டியதும் நம் மூளை மெலடோனின் என்ற சுரப்பை வெளியிட்டு உடலை உறக்கத்துக்குத் தயார் செய்கிறது. கண்ணில் படும் வெளிச்சம், குறிப்பாகத் திரையின் நீல ஒளி, அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 2014 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், 12 பேர் சில இரவுகள் அச்சுப் புத்தகமும் சில இரவுகள் ஒளிரும் திரையும் படித்தார்கள். திரையில் படித்த இரவுகளில் உறக்கம் வரச் சராசரியாக 10 நிமிடம் கூடுதலாக ஆனது. மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. மறுநாள் காலையில் மந்தமும் அதிகமாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அவர்கள் படித்தது வெறும் புத்தகம். நம் பிள்ளைகள் பார்ப்பதோ கிரிக்கெட், சண்டை, சிரிப்பு, யாரோ போட்ட ஸ்டேட்டஸ். ஒளியைவிட அந்த உள்ளடக்கம் மனதை அதிகமாக விழிக்க வைக்கிறது.

18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 7 முதல் 9 மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நம் பகுதியில் பஜ்ர் நேரம் ஆண்டு முழுவதும் காலை 4.30க்கும் 5.20க்கும் இடையில் தொடங்குகிறது. இரவு 10 மணிக்குப் படுத்தால் பஜ்ருக்குள் ஏழு மணி நேரத்தை நெருங்கலாம். 1 மணிக்குப் படுத்தால் நான்கு மணி நேரம்தான். அப்போது பிள்ளை பஜ்ரை விடுகிறது, அல்லது பஜ்ர் தொழுதுவிட்டு வகுப்பில் தூங்குகிறது. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதும் உறக்கத்தில்தான். ஆகவே தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருப்பவர், படித்ததைத் தானே அழிக்கிறார்.

அடுத்து கண். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முறை போல் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண் வறண்டு எரிகிறது, தலை வலிக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

பிறகு கழுத்து. நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. தலையை 60 பாகை குனிந்து போனைப் பார்க்கும்போது கழுத்தெலும்பு தாங்கும் சுமை ஏறத்தாழ 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014ல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மூட்டை அரிசியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்வதற்கு யாரும் சம்மதிக்க மாட்டோம். கட்டைவிரலால் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பவர்களுக்கு மணிக்கட்டின் தசைநாண்களில் வலி வருவதும் உண்டு.

மனதில் என்ன நடக்கிறது?

"மனச்சோர்வு உள்ளவர்கள் போனைத் தேடுகிறார்களா, போனால் மனச்சோர்வு வருகிறதா?" என்பது ஆய்வாளர்களின் நீண்ட நாள் கேள்வி. இதற்குக் கல்லூரி மாணவர்களை வைத்தே ஒரு பதில் கிடைத்தது. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்துவிடப்பட்டது. ஃபேஸ்புக் முன்னதாக வந்த கல்லூரிகளையும் பின்னர் வந்த கல்லூரிகளையும் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2022ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபேஸ்புக் வந்த பிறகு மாணவர்களிடம் கடுமையான மனச்சோர்வு 7 சதவீதமும், பதற்ற நோய் 20 சதவீதமும் அதிகரித்திருந்தன. மன நலம் கெட்டதால் படிப்பு பாதிக்கப்பட்டது என்று மாணவர்களே சொன்னார்கள். அதற்கு முக்கியக் காரணமாக ஆய்வாளர்கள் கண்டது, பிறரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தக் காலத்தில் ரீல்ஸ் இல்லை, இன்றைய ஸ்மார்ட்போனும் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒப்பீடு எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே. தோழனின் புதிய பைக், தோழியின் வெளிநாட்டுப் பயணம், யாரோ ஒருவரின் வேலை நியமனக் கடிதம் எல்லாம் திரையில் வருகின்றன. அவர்கள் வாங்கிய கடனும் அழுத இரவும் வருவதில்லை. தன் முழு வாழ்க்கையை அடுத்தவரின் பொறுக்கி எடுத்த படங்களோடு ஒப்பிடும் 19 வயதுப் பிள்ளைக்குத் தாழ்வு மனப்பான்மை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் என்ற உளவியலாளரின் குழு 143 மாணவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் மட்டுமே பயன்படுத்தினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். மூன்றே வாரங்களில், குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் போனைத் தூக்கி எறியவில்லை, அளவு வைத்தார்கள், அவ்வளவுதான். 2018ல் வெளியான இந்த ஆய்வு, பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று.

ஏன் நிறுத்த முடியவில்லை?

"உனக்கு மன உறுதி இல்லை" என்று பிள்ளையைச் சொல்கிறோம். மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இன்ஸ்டாகிராமுக்குக் கடைசிப் பக்கம் இல்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த அமைப்பை 2006ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்ற பொறியாளரே, பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அடுத்து வருவது நல்லதா சலிப்பானதா என்று தெரியாத எதிர்பார்ப்பே நம்மை இழுத்து வைத்திருக்கிறது. சூதாட்ட இயந்திரமும் இதே முறையில்தான் மனிதனைப் பிடிக்கிறது.

சூதாட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரம்மி, பந்தயம் என்று பணம் வைத்து ஆடும் செயலிகளில் சிக்கிக் கடனாளியான மாணவர்கள் உண்டு. தமிழ்நாடு 2022ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்கிறது. மார்க்கத்தில் இது ஹராம் என்பது நமக்கு முன்பே தெரியும். இப்போது நாட்டின் சட்டமும் தடுக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உடலுக்கும் உரிமை உண்டு

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) இளைஞராக இருந்தபோது பகலெல்லாம் நோன்பு வைத்து, இரவெல்லாம் நின்று தொழுதார். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேள்விப்பட்டு அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று அறிவுறுத்தினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. வணக்கத்துக்காகக்கூட உறக்கத்தை முழுவதும் விடக்கூடாது என்றால், ரீல்ஸுக்காக விடுவதை என்னவென்று சொல்வது?

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸ்களில் உள்ளது. கல்வி போன்ற அவசியத்துக்காக விழித்திருப்பதற்கு அறிஞர்கள் அனுமதி அளித்துள்ளார்கள். இந்த அளவுகோலை அப்படியே இன்றைக்குப் பொருத்தலாம். இஷாவுக்குப் பின் பாடம் படிக்க இணையத்தைப் பயன்படுத்துவது வேறு, வீணாகத் தள்ளிக்கொண்டிருப்பது வேறு.

குடும்பம் என்ன செய்யலாம்?

ஒன்று: போனைப் பிடுங்காதீர்கள். கல்லூரிப் பிள்ளை வளர்ந்த மனிதர். பிடுங்கினால் இரண்டாவது போன் ரகசியமாக வரும். பேசி, ஒரு நேரத்தை ஒப்புக்கொள்ள வையுங்கள்.

இரண்டு: போன் உறங்குவதற்கு ஓர் இடம் வையுங்கள். இரவு 10 மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போன்களும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். அத்தாவின் போனும் அம்மாவின் போனும் அங்கேதான் இருக்க வேண்டும். நாம் நள்ளிரவு வரை வாட்ஸ்அப்பில் இருந்துகொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்தால் அது ஏறாது. "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்பார்கள். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கி வையுங்கள்.

மூன்று: ஒரே நாளில் 1 மணியிலிருந்து 10 மணிக்கு மாற்ற முடியாது. சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்கச் சொல்லுங்கள். எழும் நேரம் மட்டும் விடுமுறை நாளிலும் மாறக்கூடாது. பஜ்ருக்குப் பின் கொஞ்ச நேரம் காலை வெளிச்சத்தில் நடப்பது உடலின் கடிகாரத்தைச் சரி செய்யும். மதியம் 20 நிமிடக் கைலூலா தூக்கம் போதும்.

நான்கு: எடுத்த இடத்தில் வேறொன்றை வையுங்கள். பையன்களுக்கு அஸருக்குப் பின் விளையாட மைதானம் இருக்கிறதா? பெண் பிள்ளைகளுக்கு வீட்டைத் தாண்டி எந்த இடமும் இல்லாமல் செய்துவிட்டு, ஒரே ஜன்னலாக இருக்கும் போனையும் மூடச் சொல்வது நியாயமா? தோழியர் வீட்டுக்கு வந்து போகவும், நூலகம் செல்லவும், மாலையில் நடக்கவும் வழி செய்து கொடுங்கள்.

ஐந்து: அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்குத் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் போன் செய்யுங்கள். "படித்தாயா?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள்.

ஜமாஅத்துகளும் ஒன்று செய்யலாம். பள்ளிவாசல் குழுக்களில் இரவு 10 மணிக்கு மேல் செய்தி அனுப்புவதில்லை என்று முடிவெடுக்கலாம். மய்யித் அறிவிப்பு போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பிள்ளை வகுப்புக்குப் போகாமல் இருக்கிறதா? சாப்பாடும் குளியலும் தவறுகின்றனவா? முன்பு பிடித்தவை எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? வீட்டில் பணம் காணாமல் போகிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் சோகமாகவோ மௌனமாகவோ இருக்கிறதா? "நான் இல்லாமல் போனால் நல்லது" என்பது போல் பேசுகிறதா? இவற்றில் கடைசியானதைக் கேட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இணையப் பழக்கத்துக்கென்றே தனி மருத்துவப் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதல் செயல்படுகிறது. படத்தை வைத்து மிரட்டுவது, பணம் பறிப்பது போன்றவை நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளையை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் அதை மேலும் ஆபத்தில் தள்ளும். "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்" என்ற உறுதியை இன்றே கொடுத்து வையுங்கள்.

மனநல மருத்துவரிடம் போவது ஈமான் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருத்துவம் செய்வது போலத்தான் இதுவும். நோய்க்கு மருந்து தேடச் சொன்னது நம் மார்க்கம். ஓதுவதும் தொழுவதும் மனதுக்கு வலு. மருத்துவரின் உதவி அதற்குத் துணை. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை.

இத்தனை வழிகளையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று இஷா முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் ஒரு மேசையையும் ஒரு சார்ஜரையும் தேர்ந்தெடுங்கள். 10 மணிக்கு முதல் போனை அத்தா வைக்கட்டும், அடுத்ததை அம்மா வைக்கட்டும். அதன் பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். மூன்று வாரம் இதைத் தொடர்ந்தால், பஜ்ருக்கு எழுப்பும்போது பிள்ளையின் முகத்தில் மாற்றம் தெரியும், இன்ஷா அல்லாஹ்.